உண்ணாமலை சொன்ன பெயர்

என் தங்கை உண்ணாமலை இப்போது மலேயாவில், தைப்பிங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் குடித்தனம் செய்கிறாள். எங்கள் கந்தர்வக்கோட்டையிலிருந்து கப்பலேறிய பெண்கள் அதிகமில்லை. அவள் போன விதத்தை, உடன் இருந்தவன் என்ற முறையில் உள்ளபடி எழுதுகிறேன்.

மாப்பிள்ளை ஏகாம்பரம் அங்கேயே பிறந்து, அந்த நாட்டுக் குடிமகன் ஆனவர். தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி. 1956 தை மாதம் இங்கே வந்து தாலி கட்டினார். லீவு முடிந்ததும் தனியே திரும்பினார். மனைவிக்கு விசா கிடைக்கவில்லை. மூன்று வருஷம் மனுப் போட்டபின் சென்னை விசா ஆபீசுக்கு நேரில் வரச் சொன்னார்கள். சட்டம் இறுகி வருவதால் இதை விட்டால் வழியில்லை என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார்.

அதிகாரி தமிழர். கல்யாணப் படத்தைப் பார்த்துவிட்டு, "அம்மா, வீட்டுக்காரர் பேரு என்ன?" என்றார்.

உண்ணாமலை தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொல்ல வாயெடுத்தேன், அவர் கையமர்த்தினார்.

"எங்க அம்மாவும் எங்கப்பா பேரைச் சொல்லமாட்டாங்க. ஆனா பொய்ச் சம்சாரமாக் கூட்டிட்டுப் போறவங்க இருக்காங்க. இவங்க வாயால சொல்லணும். சாப்பிட்டுட்டு வாங்க. அப்பவும் சொல்லலைன்னா மனுவைத் தள்ளிருவேன்."

வெளியே வேப்பமரத்தடியில் கட்டுச்சோற்றைப் பிரித்தோம். அவள் தொடவில்லை.

"பேரைத்தானே கேக்குறாக? கொலையா பண்ணச் சொல்றாக?" என்றேன்.

"ஆத்தா பேரைச் சொல்லித்தானே அப்பா போனாரு, அண்ணே?"

எங்கள் ஊர்க் கண்மாய் உடைந்த வருஷம், கரையை அடைக்கப் போன அப்பாவை வெள்ளம் இழுத்தது. ஆத்தா பதறி, அப்பாவின் பெயரைச் சொல்லி அலறினார். புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஆத்தா கூப்பிட்டுத்தான் அப்பா போனார் என்று ஊர் பேசியது. ஆத்தாவும் அதையே நம்பினார். உண்ணாமலை அப்போது கைக்குழந்தை.

"நான் கரையில நின்னவன்" என்றேன். "ஆத்தா கூப்பிடுறதுக்கு முன்னாடியே அப்பா தலை முங்கிருச்சு. ஆத்தாகிட்டயும் சொன்னேன், நம்ப மாட்டேங்குது. நீயாவது நம்பு."

"அவுகளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னையத்தான் கேப்பேன்" என்று எழுந்தாள்.

உள்ளே போய், தாலியை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஏகாம்பரம்" என்றாள். அந்தச் சொல் முடியும்போதே கண்ணீர் வந்துவிட்டது. அதிகாரி மறு கேள்வி கேட்கவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பலேற்றிவிட்டு வந்து ஆத்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். அதன்பின் கடிதம் வரும்போதெல்லாம், பிரிப்பதற்குள், "மாப்பிள்ளை சொகமா இருக்காராடா?" என்பதுதான் முதல் கேள்வி.

போன வருஷம் ஒரு படம் வந்தது. மாப்பிள்ளை சற்றுத் தொந்தி போட்டு, இரண்டு பிள்ளைகளையும் மடியில் வைத்திருக்கிறார். பக்கத்தில் உண்ணாமலை நிற்கிறாள். ஆத்தா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மாப்பிள்ளை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப, ஒங்கப்பா தண்ணியிலதான்டா போயிருக்காரு."