பொட்டு வைக்காத லேத்

"கோயமுத்தூர்ல கைத்தொழில் தெரிஞ்சவன் எவனுக்கும் பயப்பட வேண்டியதில்லீங்க. இந்த கேட்ல வெளிய போனா எதிர் கேட்ல 'வாங்ண்ணா'ன்னு கூப்புடுவான். எல்லாருக்கும் வேலை இருக்கற ஊர்ல கூலி தானா ஏறும்."

கணபதி டீக்கடையில், லேத் ஓட்டும் டர்னர் நஞ்சுண்டன் வெளியிட்ட பொருளாதாரக் கொள்கை இது. தில்லி கவனிக்கவில்லை, நாட்டுக்குத்தான் நட்டம். அவரோடு பம்ப் பட்டறையில் வேலை பார்ப்பவர்கள் கவனித்தார்கள். ஏறாமலே கிடக்கும் கூலியை ஆயுத பூசையன்று கேட்கும் பொறுப்பை அவர் தலையில் கட்டினார்கள்.

"நீங்க பேசுங்ண்ணா, நாங்க பின்னால நிக்கறோம்" என்றான் ஃபிட்டர் ஷாநவாஸ்.

"நின்னு என்ன பண்ணப்போற? நான் ஒருத்தன் போதும்."

பூசை நாள். பட்டறையைக் கழுவி வாழை கட்டியாயிற்று. முதலாளியின் மகள் லோகப்பிரியா, இந்த வருடம் நிர்வாகத்துக்கு வந்தவர், சந்தனக் கிண்ணத்தோடு மெஷின் மெஷினாகப் பொட்டு வைத்தார். புதுசாய் வந்த, கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷினுக்கு மாலையும் விழுந்தது. நஞ்சுண்டனின் பழைய லேத் முன்னால் வந்ததும் கிண்ணத்துக்குள் பார்த்தார், திரும்பிப் போய்விட்டார்.

நஞ்சுண்டனுக்கு விசயம் புரிந்துபோனது. விற்கப்போகும் மெஷினுக்கு அங்கே பொட்டு வைப்பதில்லை. போன பூசையில் பொட்டு இல்லாமல் நின்ற டிரில்லிங் மெஷின் அன்னூர் பழைய இரும்புக் கடைக்குப் போனது. அதை ஓட்டியவர் வீட்டுக்குப் போனார்.

நஞ்சுண்டன் எதிர் கேட்டைப் பார்த்தார். 'ஆட்கள் தேவை' பலகை தொங்கிய இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. தலை நரைத்த ஆளை எந்த கேட் கூப்பிடும்? வீட்டில் மனைவி சென்னியம்மாளிடம் என்னவென்று சொல்வது? கற்பூரம் காட்டும்போது எல்லோரும் கும்பிட்டார்கள். அவர் மட்டும் தன் லேத்தைப் பார்த்துக் கும்பிட்டார். பக்தி என்று நினைத்தான் ஷாநவாஸ்.

பொரி கொடுக்கும்போது லோகப்பிரியாவே கேட்டார்: "ஏனுங்ண்ணா, கூலி விசயமா பேசோணும்னு இருந்தீங்களாமா? சொல்லுங்க."

பின்னால் பட்டறை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நஞ்சுண்டன் தொண்டையைச் செருமினார்.

"கூலிக்கென்னங்க அம்மணி, குடுக்கறதே போதுமுங்க. என்ற லேத்துக்குத்தான் பொட்டு வெக்காம வந்துட்டீங்க."

"அதுங்களாண்ணா? கிண்ணத்துல சந்தனம் தீந்துபோச்சு. கரைச்சுட்டு வரச் சொல்லியிருக்கேன், வந்ததும் வெச்சர்றேன்."

நஞ்சுண்டன் பொரிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பின்னால் திரும்பிப் பார்க்காமல், சந்தனம் வரும்வரை லேத்தின் பக்கத்திலேயே நின்றார்.