பதில் வந்த முகவரி

அலுவலகத்தில் அவனுக்கு 'பிங்கு' என்றுதான் பெயர். எந்த மாடியில் எந்தப் பிரிண்டர் படுத்துக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். வந்தவுடன் மேஜைக்கடியில் தவழ்வான். பிரிண்டரின் அடிவயிற்றில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படித்து, ரவுட்டர் பட்டியலில் அதே எண்ணுக்கு நேரே என்ன ஐபி அட்ரஸ் என்று பார்ப்பான். பிறகுதான் அந்த அட்ரஸுக்கு, 'இருக்கியா?' என்று கேட்கிற பிங் அனுப்புவான். பதில் வந்துவிட்டால், "உயிரோட இருக்கு" என்று அறிவித்துவிட்டு முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்திருப்பான். எண்ணைப் பார்க்காமல் பிங் செய்கிறவன், ஆளைப் பார்க்காமல் கட்டிப்பிடிக்கிறவன் என்று புதிதாகச் சேர்ந்தவர்களைக் கிண்டல் வேறு செய்வான்.

ஊரார் பிரிண்டருக்கு இத்தனை பார்த்தவன், கூடப் பிறந்தவள் விஷயத்தில் கோட்டை விட்டான்.

அக்கா தையல் வேலையை உதறிவிட்டு, வீட்டுப் பின்னறையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் இன்குபேட்டர் வைத்திருந்தாள். முதல் தடவை வைத்த முட்டைகள் முக்கால்வாசி பாழ். இந்தத் தடவையும் இப்படியென்றால் மெஷினை விற்றுவிட வேண்டியதுதான் என்று அத்தான் கறாராகச் சொல்லிவிட்டார். அதனால் தம்பி அவளுக்கு ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக் கொடுத்தான். மெஷினுக்குள் சூடு குறைந்தால் அது நெட் வழியாக அக்காவின் போனை அலற வைக்கும்.

முட்டைகள் பொரியச் சில நாட்களே இருக்கும்போது, பிரசவமாகியிருந்த மகளைப் பார்க்க அக்காவும் அத்தானும் கிளம்பினார்கள். பஸ் நிலையத்திலிருந்து அக்கா போன் செய்தாள்.

"காலைல கரண்டு போயிட்டு வந்துச்சுடா. அப்புறம் போன்ல சூடே காட்ட மாட்டேங்குது. திரும்பிப் போய்ப் பார்த்துட்டு வரட்டுமா?"

மேனேஜர் அப்போது அவன் தலைமேல் நின்றுகொண்டிருந்தார். அக்கா வீட்டு ரவுட்டருக்குள் இங்கிருந்தே நுழைய அவன் வழி வைத்திருந்தான். பெட்டியின் அட்ரஸ் அவனுக்கு மனப்பாடம். பட்டியலைத் திறக்கவில்லை, எண்ணை ஒப்பிடவில்லை. நேரே பிங் அடித்தான். பதில் சும்மா மளமளவென்று வந்தது.

"பெட்டி உயிரோட இருக்குக்கா. உன் போன்ல இருக்கிற ஆப்லதான் ஏதோ கோளாறு. நீ நிம்மதியா போயிட்டு வா."

"நீ சொன்னா சரிதான்டா" என்று அவள் பஸ் ஏறினாள்.

பதில் சொன்னது பெட்டி இல்லை, கூடத்தில் இருந்த புது டிவி. கரண்டு போய் வந்ததில் ரவுட்டர் பெட்டியின் அட்ரஸை டிவிக்குக் கொடுத்துவிட்டது. பெட்டியின் ஒயர் அதில் கருகி, அது ஊமையாகக் கிடந்தது. அதே கரண்டு மெஷினின் ஹீட்டரையும் தின்றுவிட்டிருந்தது. மறுநாள் அக்கா திரும்பி வந்து கதவைத் திறந்தபோது முட்டைகள் சில்லென்று இருந்தன. ஒன்றிரண்டை உடைத்துப் பார்த்தாள். உள்ளே குஞ்சுக்கு அலகு முளைத்திருந்தது. மற்றவற்றை உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவன் போனான். அத்தான் "வாப்பா" என்றதோடு சரி. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பின்னறையில் குந்தி உட்கார்ந்து, இப்போதுதான், பெட்டியின் அடியில் இருந்த எண்ணைப் படித்தான். ஒயரை மாற்றினான். பட்டியலில் அந்த எண் தென்பட்டது. அதற்கென்று ஓர் அட்ரஸை நிலையாக எழுதி வைத்து, பிங் அனுப்பினான். ஒன்றுகூடத் தவறாமல் பதில் வந்தது.

காலி மெஷின் குளிர்ந்து கிடப்பதைப் பெட்டி உடனே கண்டுகொண்டது. அடுப்படியில் அக்காவின் போன் அலறியது. அவள் அதை அணைத்துக்கொண்டே வந்து வாசலில் நின்றாள்.

"நல்லா வேலை செய்யுதே."

"அக்கா, நான் அன்னிக்கு..."

"விடுடா. மெஷினை விலைக்குக் கேட்டு நாளைக்கு ஆள் வராங்க. பெட்டியையும் சேர்த்தே குடுத்துடலாம்னு உங்க அத்தான் சொல்றாரு. இந்தப் பெட்டியை நம்பலாமான்னு அவங்க கேட்டா நான் என்னடா சொல்றது?"

அவன் கழற்றிப் போட்ட பழைய ஒயரைச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

"நம்பலாம்னு சொல்லுக்கா" என்றான்.