கொசு அவளைத் தேடி வந்த வீடு

கொசுப்புழு தேடும் வேலையில் சேர்ந்து பதினாறு வருடம் ஆகிறது. மார்க்கையன்கோட்டையில் என் பெயரே 'கொசு அக்கா'தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு டார்ச் அடிப்பதையும் மருந்து ஊற்றுவதையும் சூப்பர்வைசர் சொல்லித் தருவார். என்னிடம் சொல்ல ஒரு வீட்டுக் கதைதான் இருக்கிறது.

1. கையெழுத்து

வீரபாண்டித் திருவிழாச் சமயம். அந்த வீட்டு மருமகள் செல்விக்கு ஏழு மாதம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டான பிள்ளை. நல்லபடியாகப் பிறக்கவேண்டும் என்று அவள் புருஷன் அக்கினிச்சட்டி எடுக்கக் காப்புக் கட்டியிருந்தான். வாசலிலேயே செல்வியின் மாமியார் என்னை மறித்துவிட்டார்.

"காப்புக் கட்டுன வீடு ஆத்தா. நாலு வீடு மிதிச்ச காலோட உள்ள வராத. தொட்டியெல்லாம் நேத்துத்தேன் கழுவுனோம்."

உள்ளே கட்டிலில் இருந்தபடி செல்வி கேட்டாள்: "அக்கா, வீட்ல இத்தன பேரு இருக்காக. பட்டப்பகல்லயும் கொசு என்னையத்தேன் மொய்க்குது. ஏங்க்கா?"

"உனக்கு இனிப்பு ரத்தம்டி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் நீட்டிய சோதனைக் கார்டில் 'புழு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பதில் தெரியாமல் இல்லை. டிரெயினிங்கில் சொல்லியிருக்கிறார்கள். விடுகிற மூச்சு, உடம்புச் சூடு, வியர்வை வாடை இவற்றை வைத்துத்தான் கொசு ஆளைக் கண்டுபிடிக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு மூச்சும் சூடும் கூடுதல். பகலில் கடித்தால் டெங்குக் கொசுவாக இருக்கலாம். பக்கத்திலேயே எங்கோ தேங்கிய தண்ணீரில் பிறக்கிறது. அவ்வளவையும் அவள் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டாள். நான் கேலி பேசிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

2. குளுதாடி

பத்து நாளில் செல்விக்குக் காய்ச்சல். தேனி ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். அவள் பிழைத்தாள், பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது.

தகவல் வந்ததும் ஓடினேன். இந்த முறை யாரும் மறிக்கவில்லை. மாட்டை விற்றபின் கொல்லையில் சும்மா கிடந்த குளுதாடியில் கோடைமழைத் தண்ணீர் ஒரு சாண் நின்றது. டார்ச் அடித்தேன். புழு நெளிந்தது. கல்தொட்டி, கவிழ்க்க முடியாது. அழுதுகொண்டே கையால் இறைத்தேன்.

"நாந்தேன ஆத்தா உன்னைய மறிச்சேன்" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். மறித்தது அவர்தான். ஆனால் கார்டில் இருப்பது என் கையெழுத்து.

இப்போது எந்த வீட்டு வாசலிலும் முதலில் கேட்பது, "கொசு யாரைய ரொம்பக் கடிக்குது?" என்றுதான். கொல்லைவரை பார்க்காமல் கார்டைத் தொடமாட்டேன். காப்புக் கட்டிய வீடென்றால் கால் கழுவிவிட்டுப் போவேன். ஒரு செம்புத் தண்ணீர் கேட்டிருந்தால் போதும் என்பது அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அது நடந்து மூன்று மாதம் கழித்துச் செல்வியிடமும் கேட்டேன். கார்டை நீட்டிக்கொண்டே சொன்னாள்:

"இப்பல்லாம் கொசு என்னைய அவ்வளவா தேடி வர்றதில்லக்கா."