நாங்கள் ஒன்றும் விற்பதில்லை

என் பத்தாவது வயதில், ஒரே சாயங்காலத்தில், பதினாறு குடும்பங்களை நான் ஏழையாக்கினேன். அதற்கு ஒரு நீல மை பேனாவும் மாமாவின் யோசனையும் போதுமானதாக இருந்தன.

எங்கள் தெரு ஈப்போவுக்கு வெளியே, லகாட்டைத் தாண்டி, முன்பு ரப்பர் தோட்டமாக இருந்த நிலத்தில் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே தோட்டத்தை விற்றுவிட்டார்கள். பால்மரங்களை வெட்டிய இடத்தில் பாதி வீடமைப்பாயிற்று, மீதியில் ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. தொழிலாளர் லயங்களிலிருந்து கிளம்பிய குடும்பங்களில் பதினாறுக்கு அந்தப் பல்கலைக்கழகத்து வேலியை ஒட்டி வரிசை வீடுகள் கிடைத்தன. வேலியில் ஒரு சின்ன இரும்புக் கேட்டு இருந்தது. கட்டட வேலைக்காரர்கள் போய்வருவதற்காக வைத்தது. வேலை முடிந்த பிறகு அதை அடைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

உள்ளே கேண்டீன் உண்டு. ஆனால் அது எட்டரைக்குத்தான் திறக்கும், வகுப்போ எட்டு மணிக்கே தொடங்கிவிடும். முன்வாசல் வழியாகப் போய் எதையாவது வாங்கிச் சாப்பிட வேண்டுமென்றால் மோட்டார் சைக்கிள் வேண்டும். பின்கேட்டு வழியாக எங்கள் தெருவுக்கு ஐந்து நிமிட நடை. படிக்க வந்த பிள்ளைகளுக்கு இதைக் கண்டுபிடிக்கவா சொல்லித்தர வேண்டும்? நம் பிள்ளைகளும் சீனப் பிள்ளைகளுமாகக் காலை ஆறரைக்கே வரத் தொடங்கினார்கள். பெரியம்மா வீட்டு முன்புறத்தில் இரண்டு சலவை இயந்திரங்கள் முளைத்தன. கடைசி வீட்டுக்காரர் மோட்டார் டயருக்கு ஒட்டுப்போட உட்கார்ந்தார். நான்கு வீடுகளில் அறைகள் வாடகைக்குப் போயின. அம்மா தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமாக நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்றார்.

அதற்கு முன் அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தொழிற்சாலை பஸ் விடியுமுன்னே வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். அப்பா லாரி ஓட்டிக்கொண்டு பினாங்குக்கும் ஜொகூருக்குமாக அலைவார். நான் பள்ளி விட்டு வரும்போது வீடு பூட்டியிருக்கும். செருப்புப் பெட்டிக்குப் பின்னாலிருக்கும் சாவியை எடுத்துத் திறந்து, ஆறிய சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பயமாக இருக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை. நாசி லெமாக் வந்த பிறகு அம்மா வேலையை விட்டார். பள்ளி விட்டு வரும்போது கதவு திறந்திருந்தது. பல்கலைக்கழகம் எதற்காக இருக்கிறது என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால் அதற்காகத்தான் என்று சொல்லியிருப்பேன்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள், தினமும் அம்மாவிடம் சாப்பிடும் மாணவி ஒருத்தர் கையில் கோப்புடன் வந்தார். கோலா கங்சார்ப் பெண். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். இந்தப் பல்கலைக்கழகத்தால் சுற்றுவட்டார மக்களின் பொருளாதாரத்துக்கு என்ன பயன் என்று ஓர் ஆய்வாம். வீட்டுக்கொரு படிவம் கொடுத்து, நிரப்பி வையுங்கள், நாளைக் காலையில் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வகுப்புக்கு ஓடினார்.

எங்கள் தெருவில் எந்தக் காகிதம் வந்தாலும் அது மாமாவிடம்தான் போகும். மாமா அம்மாவுக்கு அண்ணன். தோட்ட ஆபிசில் கணக்கெழுதும் கிராணிக்குக் கீழே இருந்தவர். தோட்டம் போன பிறகு தைப்பிங்கில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு தூக்கி ஓய்வு பெற்றவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பார், அப்புறம்தான் எழுத்தைப் பார்ப்பார். மூன்றாவது கேள்விக்கு வந்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

“என்னா யாவாரம் செய்றீங்க, வருமானம் என்னான்னு கேக்கிறான்,” என்றார்.

அன்று சாயங்காலம் முனியாண்டி கோயில் கொட்டகையில் பதினாறு வீடும் கூடியது. மாமா படிவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றே பேசினார். படிவத்தை எங்கள் தெருவில் பாரம் என்றுதான் சொல்வோம்.

“தோட்டத்த விக்கிறப்பவும் இப்படித்தான் பாரத்தோட வந்தானுங்க. மாடு இருக்கா, தென்னமரம் இருக்கா, டிவி இருக்கான்னு கேட்டானுங்க. நம்ம ஆளுங்க சும்மா இருந்தாங்களா? எல்லாம் இருக்கு, நல்லாத்தான் இருக்கோம்னு நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னாங்க. நல்லா இருக்கிறவங்களுக்கு எதுக்கு நட்டஈடுன்னு கைய விரிச்சிட்டானுங்க. இந்தத் தடவ ஏமாறக் கூடாது. ஒண்ணும் இல்லன்னு எழுதுவோம். வரியும் கேக்க முடியாது, லைசென்சும் கேக்க முடியாது.”

அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. “தெனமும் எங்கிட்ட வாங்கித் திங்கிற புள்ளண்ணே அது. அதுகிட்டயே நான் ஒண்ணும் விக்கலன்னு எப்படிக் குடுக்கிறது?”

“அது சின்னப் புள்ள, பாவம். அது கையில இருந்து பாரம் எங்க போவும்னு உனக்குத் தெரியுமா?” என்றார் மாமா. அண்ணன் சொல்லுக்கு மேல் அம்மா பேசவில்லை.

படிவம் மலாய் மொழியில் இருந்தது. தெருவிலேயே மலாய்ப் பாடத்தில் அதிக மதிப்பெண் வாங்குகிறவள் என்று எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எங்கள் சாப்பாட்டு மேசையில் பதினாறு படிவத்தையும் அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நான்கு வீட்டுக்கும் மாமா சொன்னபடி ‘வியாபாரம் இல்லை’ என்று மட்டும் எழுதினேன். அதற்குள் மாமா டீ குடிக்கப் போய்விட்டார். ஐந்தாவது வீட்டில் எனக்குக் கற்பனை பிடித்துக்கொண்டது. கூரையை ஒழுகவிட்டேன். பெரியம்மாவுக்கு இதய நோய் கொடுத்தேன். டயர் ஒட்டுகிறவரின் வலது காலை நொண்டியாக்கினேன். எங்கள் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தேன், எங்களை ஒரு வேளைக் கஞ்சியோடு நிறுத்தினேன். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலை அக்கா வந்து படிவங்களைப் புரட்டினார். “எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே?” என்றார். நான்தான் எழுதினேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே இரண்டு பொட்டலம் வாங்கினார். அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்துக்கொரு முட்டை கூடுதலாக வைத்துக் கட்டிக்கொடுத்தார்.

ஒரு மாதம் போயிருக்கும். பின்கேட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். கல்விப் பருவம் முடிந்ததும் இந்த வழி நிரந்தரமாக மூடப்படும் என்று எழுதியிருந்தது. நோட்டீசுக்குப் பின்னாலேயே அக்கா மூச்சிரைக்க ஓடிவந்தார். அம்மாவும் மாமாவும் வாசலில் இருந்தார்கள்.

“ஆன்ட்டி, பாதுகாப்பு இல்லன்னு இந்தக் கேட்ட மூடச் சொல்லி ரொம்ப நாளா பேச்சு. மூடக் கூடாதுன்னு காட்டத்தான் எங்க லெக்சரர் இந்தப் பாரத்தயே குடுத்தாரு. தெரு முழுக்க இந்தக் கேட்ட நம்பித்தான் இருக்குன்னு நீங்க எழுதியிருந்தா போதும். பதினாறுலயும் ஒண்ணும் இல்லன்னு இருக்கு. அப்ப மூடுனா யாருக்கு நட்டம்னு கேட்டுட்டாங்க. திங்கக்கெழம மத்தியானம் கடைசி மீட்டிங், அதுல முடிவாயிரும்.”

“நீ தெனமும் எங்கிட்டதான சாப்பிடுற? உனக்குத் தெரியாதா?” என்றார் அம்மா.

“நான் சாப்பிட்டத எழுத முடியாது ஆன்ட்டி. நீங்க குடுத்ததத்தான் எழுத முடியும்.”

செருப்புப் பெட்டிக்குப் பின்னாலிருந்த சாவிதான் என் கண்முன் வந்தது. அம்மா மறுபடியும் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறப்போகிறார், நான்தான் அழகாக எழுதி அவரை ஏற்றி அனுப்பப்போகிறேன். அழுதுகொண்டே வீட்டுக்குள் ஓடினேன். ஜன்னல் வழியாக மாமா நாற்காலியில் உட்காருவது தெரிந்தது.

“ரெண்டு தடவையும் என்னாலதான்,” என்றார் மாமா.

அழுகைக்கு நடுவிலும் எனக்கு அது உறைத்தது. எழுதியது நான். மாமா ஏன் அதைத் தன்னுடையது என்கிறார்? முந்தின தடவை என்று எதைச் சொல்கிறார்?

அக்கா போன பிறகு, எல்லாருமாகக் கையெழுத்துப் போட்டு ஒரு மனு எழுதலாம் என்று மாமா ஆரம்பித்தார். அம்மா அவரைப் பேசவிடவில்லை. அம்மா தன் அண்ணனை இடைமறித்துப் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“இன்னொரு காயிதமா? போதும்ண்ணே. நாம ஒண்ணும் விக்கிறதில்லன்னு எழுதியாச்சி. சரி, திங்கக்கெழம ஒரு நாளைக்கு அத நெசமாக்கிருவோம்.”

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. பால்வெட்டுக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்தால் துரை பங்களாவிலிருந்து இறங்கி வருவான் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அப்பாகூட ஜொகூரிலிருந்து போனில், “உங்கம்மா சொல்றபடி கேளு,” என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை எங்கள் தெருவில் அடுப்பு எரியவில்லை. பெரியம்மா சலவை இயந்திரங்களைப் போர்வையால் மூடிவிட்டார். ஆளாளுக்கு நல்ல உடுப்பு உடுத்திக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்தோம். நான் பள்ளிக்கு மட்டம். ஆறரைக்கு வழக்கம்போல முதல் கூட்டம் வந்தது.

“ஆன்ட்டி, நாசி லெமாக்?”

“இல்லய்யா.”

“எப்ப வரும்?”

“வராதுய்யா.”

ஏழு மணிக்குத் தெரு கொள்ளாத கூட்டம். பிள்ளைகள் காலியான மேசையைப் படம் பிடித்து யார் யாருக்கோ அனுப்பினார்கள். சீனப் பையன் ஒருவன், வகுப்பில் எழுந்து நின்று பேச வேண்டும், வெள்ளைச் சட்டை உள்ளே இருக்கிறது என்று பெரியம்மாவிடம் கெஞ்சினான். பெரியம்மா சட்டையைக் கொடுத்துவிட்டார், ஆனால் இஸ்திரி போடாமல் கொடுத்தார். கேட்டைக் காவல் காக்கும் ஜாகாகூடத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து, வடையாவது உண்டா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

ஒன்பது மணிக்குப் பின்கேட்டு வழியாக இரண்டு பேர் நடந்து வந்தார்கள். ஒருவர் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி. இன்னொருவர் ஆய்வை நடத்திய விரிவுரையாளர், யாழ்ப்பாணத்து வழியில் வந்த தைப்பிங்காரர். தமிழை யோசித்து யோசித்துப் பேசினார்.

“ஏன் அம்மா இண்டைக்குக் கடை இல்லை?”

அம்மா எழுந்து நின்றார்.

“பாரத்துல எழுதியிருக்கே சார். நாங்க ஒண்ணும் விக்கிறதில்ல.”

முதலில் தமிழ்ப் பிள்ளைகள் சிரித்தார்கள், அவர்கள் சொல்லக் கேட்டுச் சீனப் பிள்ளைகள் சிரித்தார்கள். விரிவுரையாளர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. அதிகாரி மட்டும் சிரிக்காமல் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு திரும்பி, நீ தினமும் எங்கே சாப்பிடுகிறாய் என்று ஜாகாவைக் கேட்டார். ஜாகா அம்மாவின் காலி மேசையைக் கைகாட்டினார்.

மத்தியானக் கூட்டத்தில் கேட்டு தப்பித்தது. பிற்பாடு அதற்கு மேலே ஒரு கூரையும் பக்கத்தில் ஒரு விளக்கும் போட்டார்கள். இன்றைக்கும் அது திறந்துதான் இருக்கிறது. அம்மாவிடம் இப்போது வேலைக்கு மூன்று பேர் இருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்று சாயங்காலம் நடந்தது. இந்தத் தடவை உள்ளதை எழுதிக் கொடுங்கள் என்று விரிவுரையாளர் அக்காவிடம் பதினாறு புதுப் படிவங்களைக் கொடுத்தனுப்பியிருந்தார். தெரு மொத்தமும் எங்கள் வீட்டில்தான் இருந்தது. நான் பேனாவை எடுத்துக்கொண்டு மேசையில் போய் உட்கார்ந்தேன். செய்த பாவத்தை எல்லாம் எழுதியே கழுவிவிடும் உற்சாகத்தில் இருந்தேன். அம்மா வந்து என் கையிலிருந்த பேனாவை வாங்கி மாமாவுக்கு முன்னால் வைத்தார்.

“நீ எழுதுண்ணே.”

“அவளே எழுதட்டுமேம்மா.”

“தோட்டத்துல எல்லார் பாரத்தையும் நீதான எழுதுன? அவங்க சொன்னத எழுதுன. அதுல உன் தப்பு என்னா இருக்கு? இதையும் நீயே எழுது.”

மாமா கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். அப்புறம் பேனாவை எடுத்தார். பெரியம்மாதான் முதலில் வந்து எதிரில் உட்கார்ந்து, ரெண்டு மெசினு, வாரத்துக்கு இத்தனை பிள்ளைங்க துணி என்று சொல்லச் சொல்ல, மாமா ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். அவ்வளவு பெரிய ஆளுக்கு அவ்வளவு நேரம் எதற்கு என்று எனக்குப் பொறுக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது. ஒரு மலாய் வார்த்தையில் பிழைகூட இருந்தது. அதை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லிக் காட்டினேன். அம்மா என் காதைப் பிடித்துத் திருகிச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

பிழையைப் பிழை என்று சொன்னதற்கா தண்டனை என்று அங்கே நின்று அழுதேன். என் வேலையைப் பிடுங்கிக்கொண்டார் என்று மாமாவோடு இரண்டு நாள் நான் பேசவே இல்லை.