கீறல் இல்லாத ஹெல்மெட்

மலைப்பாதையில் மச்சான் விழுந்து கிடந்தான். அவன் ஹெல்மெட் கொஞ்சம் தள்ளி உண்ணிச்செடியில் கிடந்தது. மச்சான் தலையில் தையல். ஹெல்மெட்டில் ஒரு கீறல் இல்லை.

மச்சான் என்றால் என் வீட்டுக்காரியின் தம்பி. கொத்து வேலை. கரியாலூரில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்குகிற மாதிரி ஒரு கட்டடம் கட்டுகிறார்கள். கச்சிராயபாளையத்திலிருந்து தினமும் வண்டியில் மேலே போய் வருவான். அன்றைக்கு இறங்கி வரும்போது ஒரு வளைவில் மரவள்ளிக் கிழங்கு கிடந்திருக்கிறது. லாரியிலிருந்து உதிர்ந்தது. முன்சக்கரம் அதில் ஏறியது. அவ்வளவுதான். பின்னால் வந்த பஸ்காரர்கள் தூக்கி அனுப்பினார்கள். ஹெல்மெட்டையும் யாரோ பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

சேலம் வரைக்கும் கொண்டு போனோம். பிழைத்தான். இப்போது வீட்டில் இருக்கிறான். நடக்கிறான், சாப்பிடுகிறான். பேச்சு மட்டும் மெதுவாக வருகிறது. தம்ளர் வேண்டுமென்றால் கை முதலில் அந்தப் பக்கம் போகும். சொல் பிறகு வரும்.

பேச்சு வந்ததும் எல்லாரும் அவனை ஒன்றுதான் கேட்டார்கள். ஹெல்மெட் போட்டிருந்தாயா? போட்டிருந்தேன் என்றான்.

நான் நம்பவில்லை.

நான் ஒரு உரக் குடோனில் காவல் பார்க்கிறேன். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். எங்கள் பக்கம் ஹெல்மெட் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். பெட்ரோல் டேங்க் மேல் இருக்கும். இல்லையென்றால் முழங்கையில் தொங்கும். போலீஸ் நிற்கிற இடம் வந்தால் தலைக்கு ஏறும். தாண்டியதும் இறங்கிவிடும். மலையில் போலீஸ் ஏது? வளைவில் பஸ் ஹாரன் காதில் விழவேண்டும் என்று கழற்றுகிறவர்களும் உண்டு. மச்சானையும் அப்படிப் பார்த்திருக்கிறேன்.

தலை உடைந்திருக்கிறது, ஹெல்மெட் உடையவில்லை. அப்படியென்றால் அது தலையில் இல்லை. எனக்கு இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. காரணம் என் மகள்.

மகள் நர்சிங் படித்தாள். படிப்பு முடிந்து கொஞ்ச நாள் சும்மா இருந்தாள். மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சமயம் பார்த்து அவளுக்கு வேலை வந்தது. கரியாலூர் பக்கம் ஆஸ்பத்திரியில். காலை பஸ் ஏறினால் அது அங்கே போய்ச் சேருவதற்குள் டூட்டி ஆரம்பித்துவிடும். அங்கேயே தங்கலாம் என்றால் இடம் இல்லை. ஸ்கூட்டரில்தான் போகவேண்டும். ஸ்கூட்டர் இல்லையென்றால் வேலை இல்லை.

அவள் அம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

"என் தம்பி ஹெல்மெட் மாட்டிக்கினுதான வுழுந்தான்? அது இன்னா காப்பாத்திச்சி? பொண்ண நான் அந்த ரோட்டுக்கு அனுப்பமாட்டேன்."

மகள் அன்றைக்குச் சாப்பிடவில்லை. என்னைப் பார்த்தாள். நான் வெளியே போய் மாட்டைக் கட்டினேன்.

உன் தம்பி பொய் சொல்கிறான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மகள் போகலாம். ஆனால் தலையில் தையல் போட்டவனை, வார்த்தை தேடுகிறவனை, அவன் அக்காவிடம் போய்ப் பொய்யன் என்பதா? சொல்லிவிட்டு அந்த வீட்டில் எப்படி இருப்பது? நாள் ஓடிக்கொண்டிருந்தது. வேலையில் சேரச் சொன்ன தேதி பக்கத்தில் வந்துவிட்டது.

அந்த வாரம் மச்சான் பெண்டாட்டி அந்த ஹெல்மெட்டையே கொடுத்தனுப்பினாள். கண்ணாடி கூட உடையவில்லை, புதுசு எதற்கு வாங்குகிறீர்கள், பாப்பா போட்டுக்கட்டும் என்று. நல்ல மனசில்தான் கொடுத்தாள். எனக்கு வாங்கவே கை வரவில்லை.

வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே பார்த்தேன். தலையில் இருந்திருந்தால் ரத்தம் பட்டிருக்கும். ஒன்றும் இல்லை. சோப்புத்தூள் வாசனை வந்தது. கழுவியிருக்கிறாள். ஏன் கழுவினாள்? ரத்தத்தோடு யார் கொடுப்பார்கள், அதுவும் சரிதான். ஆனால் ஏன் கழுவினாள் என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது.

அதை ஒரு உரச் சாக்கில் சுற்றினேன். மகளைக் கூட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். புதுசு பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். அம்மாவிடம் சர்ட்டிபிகேட் ஜெராக்ஸ் எடுக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டு அவள் வந்தாள். மடியில் இருந்த சாக்கைப் பார்த்தாள். கேட்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் ஜாஸ்தி கேட்கமாட்டோம்.

என் கணக்கு இது. கடைக்காரன் பார்த்துவிட்டு இது டூப்ளிகேட் என்று சொல்லட்டும். டூப்ளிகேட், அதனால்தான் காப்பாற்றவில்லை என்று வீட்டுக்காரியிடம் சொல்லிவிடலாம். மச்சான் பேரும் கெடாது. மகளும் போவாள்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் கடை. கடைக்காரன் சின்ன வயசு. சுவரெல்லாம் ஹெல்மெட். மகள் நேராக ஒன்றிடம் போனாள். வெள்ளையில் மயில்கழுத்து நிறத்தில் கோடு. தலையில் வைத்துக் கண்ணாடியில் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் திரும்பினாள். நன்றாகத்தான் இருந்தது. அவள் சிரித்துப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

கடைக்காரன் அதைக் கழற்றச் சொன்னான். தையல்காரன் டேப்பை எடுத்துத் தலையை அளக்கச் சொல்லி அவள் கையிலேயே கொடுத்தான். ஹெல்மெட் வாங்கத் தலையை அளந்து நான் பார்த்ததில்லை. அளவைப் பார்த்துவிட்டு வேறு ஒன்று எடுத்துக் கொடுத்தான். சாம்பல் நிறம், சின்னது. அவள் தலையை நுழைக்கவே கஷ்டப்பட்டாள். கன்னம் இரண்டும் பிதுங்கி உதடு குவிந்துபோனது.

"சட்டியக் கவுத்தா மாதிரி இருக்குதுப்பா" என்றாள். வாயில் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவதுபோல வந்தது.

எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாரும் பெரிசாகத்தான் வாங்குவார்கள். சின்னது விற்காமல் கிடந்திருக்கும். அதை எங்கள் தலையில் கட்டப் பார்க்கிறான். பெரிசு கொடு தம்பி என்றேன்.

அவன் கொடுக்கவில்லை. "அண்ணா, இது வூட்ல எல்லாரும் மாத்தி மாத்திப் போட்றதுக்கு இல்ல. இந்தப் பொண்ணு தலைக்கு" என்றான்.

ஆளுக்கொன்று விற்கப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். பின்பக்கம் ஐஎஸ்ஐ முத்திரை ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன்.

"அத்த சொரண்டாதீங்க. அந்த ஸ்டிக்கர் தனியாவே விக்குது. பொண்ணு தலையப் பாருங்க."

விற்கிறவனே இப்படிச் சொன்னது எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

வாரை மாட்டச் சொன்னான். பெண்பிள்ளை என்று அவன் கிட்டே வரவில்லை. என்னைப் பின்னால் நின்று, பிடரிப் பக்கம் பிடித்து, மேலே தூக்கி முன்னால் தள்ளச் சொன்னான். தள்ளினேன். அவள் தலையும் சேர்ந்து குனிந்தது. கழுத்து கழுத்து என்றாள். ஹெல்மெட் அசையவில்லை. பிறகு அந்த மயில்கழுத்துக் கோடு போட்டதை மாட்டித் தள்ளச் சொன்னான். அது முன்னால் சரிந்து அவள் கண்ணை மூடியது. இன்னும் கொஞ்சம் தள்ளியிருந்தால் கழன்று வந்திருக்கும்.

அப்போதுதான் சாக்கை அவிழ்த்தேன்.

மகள் மாமாவின் ஹெல்மெட்டைப் பார்த்தாள். வாங்கித் தானே மாட்டிக்கொண்டாள். வாரைப் பூட்டினாள். பூட்டு டக்கென்று விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிடரியில் கை வைத்தேன். இரண்டு கையும் தேவைப்படவில்லை. கையோடு வந்துவிட்டது. வார் பூட்டியபடியே இருந்தது. எதிர்க் கண்ணாடியில் அவள் முடி கலைந்து தெரிந்தாள்.

அவள் தலை சின்னது, அதனால் வந்தது என்று நினைத்தேன். என் தலையும் மச்சான் தலையும் ஏறக்குறைய ஒன்று. நான் மாட்டிப் பூட்டினேன். மகளைத் தள்ளச் சொன்னேன். மூக்கைத் தேய்த்துக்கொண்டு வந்தது. எரிந்தது. ஆனால் வந்தது.

யாருடையது என்று கடைக்காரன் கேட்டான். வேண்டியவங்களுது என்றேன்.

அது வாங்கின கதை எனக்குத் தெரியும். போலீஸ் கெடுபிடி இருந்த சமயம், ரோட்டோரம் கயிறு கட்டித் தொங்கவிட்டு விற்றவனிடம் மச்சான் வீட்டோடு போய் வாங்கினான். எங்கள் பக்கம் ஹெல்மெட் குடை மாதிரி. வீட்டுக்கு ஒன்று. யார் வெளியே போகிறார்களோ அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அதனால் எல்லாத் தலைக்கும் நுழைகிற மாதிரி பார்ப்போம். மச்சான் பெண்டாட்டிக்குக் கொண்டை பெரிசு. என் மாமனார் துண்டு முண்டாசை சர்ச்சில் மட்டும்தான் அவிழ்ப்பார். மலைக் குளிருக்கு அது வேண்டும் என்பார். அந்த முண்டாசு மேல் எது இறங்கியதோ அதை வாங்கினார்கள்.

கடையில் நின்றபடி யோசித்தேன். போட்டிருந்தானா, இல்லையா? இத்தனை நாள் அதையேதான் அரைத்துக்கொண்டிருந்தேன். டேங்க் மேல் இருந்திருந்தாலும் அது செடிக்குத்தான் போயிருக்கும். தலையில் இருந்திருந்தாலும் கழன்று அங்கேதான் போயிருக்கும். ஒரு கீறல் பட்டிருக்காது. மச்சான் சொன்னது நிஜமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சின்ன அளவில் மயில்கழுத்துக் கோடு இல்லை. தேள் படம் போட்டது ஒன்று இருந்தது. மகள் வேண்டாம் என்றாள். கடைக்காரன் மேலே ஏறித் தேடி நாவல்பழ நிறத்தில் ஒன்று எடுத்தான். நர்ஸ் உடுப்பு வெள்ளைக்கு எடுப்பாக இருக்கும் என்று அவளே சொன்னாள். கறுப்புக் கண்ணாடி வேண்டாம், மலையில் பனி இறங்கும் என்று சொல்லி வெள்ளைக் கண்ணாடி போட வைத்தேன். பிடரியில் பிடித்து இன்னொரு முறை தள்ளினேன். கடைக்காரன் சிரித்தான். சிரிக்கட்டும்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் மச்சான், அவன் பெண்டாட்டி, மாமனார் மூன்று பேரும் வந்திருந்தார்கள். வீட்டுக்காரி புது ஹெல்மெட்டைப் பார்த்தாள். ஜெராக்ஸ் எங்கே என்று கேட்டாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். கடைக்காரன் இன்னா சொல்லி உங்க தலையில கட்டினான் என்று என்னிடம் திரும்பினாள்.

எனக்குப் பேசத் தெரியாது. சாக்கிலிருந்து பழசை எடுத்து மச்சான் கையில் கொடுத்தேன். மாட்டு என்று சைகை காட்டினேன்.

அவன் தயங்காமல் மாட்டினான். வாரைப் பூட்டினான். பேச்சுத்தான் மெதுவே தவிர கைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தையல் போட்ட தலையில் கை வைக்க எனக்கு மனசு வரவில்லை. பின்னால பிடிச்சி மேல தள்ளு என்று வீட்டுக்காரியிடம் சொன்னேன். எதுக்கு என்றாள். தள்ளு என்றேன்.

குழந்தையைத் தொடுவதுபோலத் தொட்டாள். அந்தத் தொடுதலுக்கே வந்துவிட்டது. பூட்டின வாரோடு அவள் கையில் தொங்கியது.

மச்சான் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். வாய் திறந்தான். சொல் வரக் கொஞ்ச நேரம் ஆனது.

"போட்டுக்கினு... தாங்க்கா... இருந்தேன்."

"போட்டுக்கினுதான்டா இருந்த. நான் எப்ப இல்லன்னேன்?"

சொன்னது அவனிடம். பார்த்தது என்னை. இத்தனை நாள் என் மனசில் இருந்ததை எப்போதிலிருந்து தெரிந்து வைத்திருந்தாளோ. நான் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன்.

மாமனார் ஹெல்மெட்டை வாங்கி முண்டாசு மேல் வைத்தார். ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

"எனக்குக் கரெக்டாத்தான இருக்குது" என்றார்.

மச்சான் பெண்டாட்டி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை.

வீட்டுக்காரி சிரிக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு நாவல்பழ நிறத்தை மாட்டச் சொன்னாள். வார் பூட்டியிருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு பிடரியில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள், தள்ளினாள், திருகினாள். மகள் வாசலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடினாள். மூக்குத்தான் சிவந்தது. ஹெல்மெட் வரவில்லை. விடும்மா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

விட்டாள். மூச்சு வாங்கியது. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். அங்கிருந்தே கேட்டாள்.

"காலைல எத்தினி மணிக்குக் கெளம்பணும்?"

மகள் போய்வருகிறாள். மழைக்காலம் ஒன்று தாண்டியாயிற்று. மச்சான் இன்னும் வேலைக்குப் போகவில்லை. அவனுக்கென்று தனியாக ஒன்று அளவெடுத்து வாங்கிக் கொடுத்தேன். வண்டியில் பின்னால் உட்காரும்போது போட்டுக்கொள்கிறான்.

போன வாரம் மகள் சொன்னாள், இப்ப கன்னம் அழுத்தறதே இல்லப்பா, நல்லா பழகிடுச்சி என்று. சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அழுத்தம் போனால் பிடிப்பும் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் அவளையும் ஹெல்மெட்டையும் கூட்டிக்கொண்டு மறுபடி கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன்.