அவர் பெயர் இருந்த கட்டம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, பொங்கல் விழாவுக்கு முந்தைய வாரம். ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நாற்பத்தெட்டு வீடுகள். அழைப்பிதழ் உறைகளில் ஒட்டும் சீட்டுகளைத் தயாரிப்பது என் வேலை. எக்செல்லில் வீட்டு எண் ஒரு கட்டத்தில், கணவர் பெயர் அடுத்ததில், மனைவி பெயர் அதற்கடுத்ததில் இருக்கும். மூன்றையும் ஒரே வரியாகச் சேர்க்க நானே ஒரு ஃபார்முலா எழுதியிருந்தேன். கணவர் கட்டம் காலியென்றால் ‘திரு’வும் தானாக மறைந்துவிடும். ஏதோ கம்பசூத்திரம் எழுதிவிட்ட பெருமை எனக்கு.

அதற்கு முந்தைய வருடப் பொங்கலின்போது, கணவரை இழந்து ஐந்தே மாதமான கீழ்த்தளத்து அக்கா மாடியேறி வந்தார். “அவர் பேரும் இருக்கட்டுமேம்மா,” என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“இருக்கறவங்க பேர் மட்டும்தான்க்கா போடறோம். லிஸ்ட்டுன்னா எல்லாருக்கும் ஒரே மாதிரிதானே இருக்கணும்?” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் படியிறங்கிப் போனார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். அடுத்து வந்த ஆடியில் என் கணவர் போய்விட்டார். பொங்கலுக்காக அதே ஷீட்டைத் திறந்து, எங்கள் வீட்டு வரிசைக்கு வந்து, அவர் பெயரை அழித்தேன். என் பெயர் சட்டென்று இடப்பக்கம் நகர்ந்து தனியாக நின்றது. ஃபார்முலா சரியாகத்தான் வேலை செய்தது. பைத்தியக்காரி மாதிரி அவர் பெயரை மறுபடி அடித்தேன், அழித்தேன், மறுபடியும் அடித்தேன். ஒவ்வொரு முறையும் அவர் வந்து என் பக்கத்தில் நிற்பதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது.

அப்போதுதான் அக்காவின் வரிசை கண்ணில் பட்டது. அங்கேயும் பெயரைச் சேர்க்கலாம் என்றால், அவர் கணவர் பெயர் எனக்கு ஞாபகமில்லை. ஷீட்டிலிருந்து அதை அழித்தவளே நான்தான். வெட்கத்தோடு கீழே போய்க் கதவைத் தட்டினேன்.

“சார் பேரை இனிஷியலோட சொல்லுங்கக்கா. தப்புப் பண்ணிட்டேன்.”

அக்கா பெயரை நிதானமாகச் சொன்னார், நான் எழுதியதை வாங்கிச் சரிபார்த்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, “உன் வூட்டுக்காரர் பேரையும் எடுத்துடாதம்மா,” என்றார்.

அன்று அவர் வாசலில் நின்று அழுதேன். இப்போதும் என் கணவர் பெயரும் என் பெயரும் ஒரே வரியில் அச்சாகி வருவது அந்த ஒரு அழைப்பிதழ் உறையில் மட்டும்தான். அதற்காகவே நான் ஒவ்வொரு பொங்கலுக்கும் காத்திருக்கிறேன்.