குட்டைக் குழாய்

கொரோனாவின் இரண்டாம் வருடத் தொடக்கத்தில், சிலாவத்துறைக்குத் தெற்கே ஒரு சிறிய சுழியோடி விடுதியில் வேலை செய்தேன். வருபவர்களைக் கடலடிப் பாறைத் திட்டுகளான பார்களுக்குக் கூட்டிப்போவதும், திரும்பியதும் அவர்களது கருவிகளைக் கழுவி வைப்பதும் என் பொறுப்பு. விடுதிக்காரரை, முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல், நானா என்றுதான் கூப்பிடுவேன். அவரது மூத்த சகோதரர் சில மாதங்களுக்கு முன்தான் கொரோனாவில் மௌத்தானார். அடக்கம் செய்ய உடலைக்கூடத் தராமல் எரித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நானா விடுதிக்குப் புதுச் சட்டங்கள் போட்டார்.

நீருக்குள் போடும் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்கத் துப்பித் தேய்ப்பது எங்கள் எல்லோருடைய பழக்கம். அதை நிறுத்தி, குழந்தைகளின் ஷாம்பூப் போத்தல் ஒன்றைப் படகில் வைத்தார். ஒவ்வொரு காற்றுச் சிலிண்டரிலிருந்தும் இரண்டு வாய்த்துண்டுகள் வரும். ஒன்று நமக்கு. மஞ்சள் நிற நீளக் குழாயில் இருப்பது, கூட வருபவருக்குக் காற்று முடிந்தால் கொடுக்க. அந்த மஞ்சளை மருந்துத் தண்ணீரில் கழுவி, பொலித்தீன் பையால் மூடி, ரப்பர் வளையம் போட்டுவிட வேண்டும் என்றார்.

"அவசரத்தில கழட்டக் கஷ்டம் நானா" என்றேன்.

"கிழிக்கிறதுதானே தங்கச்சி. ஒருத்தர்ர எச்சில் மற்றாளுக்குப் போகப்படாது" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் பையை எடுத்து மூடத் தொடங்கினேன்.

அந்த நாட்களில் ஒரு பெண் டொக்டர் தனியாக வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் கொரோனா வாட்டில் வேலை. பரிசோதனை முடிவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். ஆனாலும் விடுதியில் தங்கியிருந்த ஒரு தம்பதி, அவர் எங்கே வேலை செய்கிறார் என்று தெரிந்ததும் ஒரே படகில் வர மாட்டோம் என்றார்கள். டொக்டர் கோபிக்கவில்லை. "அவையள் பயப்பிடுறது சரிதான். நான் தனியப் போறன்" என்றார்.

தனியாக இறங்க விடுவது எங்கள் வழக்கமில்லை. நான் அவரோடு போனேன்.

டொக்டரின் சொந்தக் கருவி வேறு விதமாகப் பூட்டப்பட்டிருந்தது. அவர் படித்த முறையில், காற்றில்லாதவருக்குத் தன் வாயில் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிட்டு, கழுத்தில் தொங்குவதைத் தான் கடிக்க வேண்டும். கொடுக்கிற துண்டு வேலை செய்கிறது என்பது அப்போது உறுதி. அதற்காகவே வாயில் இருப்பதற்கு நீளக் குழாய். நானா இரண்டு கைகளையும் விரித்து, "மன்னிச்சுக்கோங்கோ டொக்டர், வாயில இருந்து எடுத்துக் குடுக்கிற முறை இங்க தடை" என்றார்.

"சட்டம் எண்டால் சட்டம்தான். நானும் வாட்டில ஒவ்வொரு நாளும் அதைத்தானே சொல்லுறன்" என்று அவர் சிரித்தார். நான் அவரது குழாய்களை மாற்றிப் பூட்டினேன். குட்டைக் குழாய் வாய்க்கு, மஞ்சள் நீளக் குழாய் பக்கவாட்டில், பையோடு.

கடல் அன்று பளிங்கு மாதிரிக் கிடந்தது. பாரின் ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது திடீரென்று, காற்றை அளந்து விடும் என் ரெகுலேற்றர் திறந்தபடியே இறுகிவிட்டது. காற்று நிற்காமல் கொட்டியது. காற்றுமானியின் முள் என் கண் முன்னே சரிந்தது. என்னுடைய மற்றத் துண்டும் அதே சிலிண்டரில்தான். டொக்டரின் பக்கம் நீந்தி மஞ்சளைப் பிடித்து இழுத்தேன். பொலித்தீன் தண்ணீரில் துண்டோடு ஒட்டிப்போயிருந்தது. விரல் வழுக்கியது. ரப்பர் வளையம் அசையவில்லை.

அவர் யோசிக்கவில்லை. தன் வாயில் இருந்ததை எடுத்து என் வாயில் வைத்தார். நான் இழுத்த முதல் மூச்சு முடிவதற்குள் பையைப் பல்லால் கிழித்து மஞ்சளைக் கடித்துக்கொண்டார். என் வாயில் இருந்தது குட்டைக் குழாய் என்பதால் நெற்றியோடு நெற்றி முட்டியபடிதான் மேலே வந்தோம். என் தோள்பட்டியை அவர் விடவேயில்லை.

படகில் ஏறியதும் அவர் செய்த முதல் வேலை, முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு மறு அந்தத்துக்குப் போனதுதான். "வீட்டில ஆரும் வருத்தக்காரர் இருக்கினமோ?" என்று கேட்டார்.

"மூத்த மகளுக்கு முட்டு வருத்தம், மூச்சு இழுக்கும்."

"அப்ப ரெண்டு கிழமை வீட்ட போகாதேங்கோ தங்கச்சி. பரிசோதனை எல்லாத்தையும் காட்டாது."

படகின் இயந்திரத்தைப் பிடித்திருந்த நானா, பை ஒட்டிக்கொண்டதை நான் சொன்னதும், எங்களுக்கு முதுகு காட்டியபடியே கரை வரை வந்தார். இறங்கியதும் கருவி அறைக்குப் போய், இருந்த பைகளை எல்லாம் தன் கையாலேயே கிழித்தெறிந்தார். பிறகு எனக்குக் கடைசி அறையைத் திறந்துவிட்டார்.

என் கணவர் சோற்றை விடுதி வாசல் படலையில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். பிள்ளைகள் அங்கிருந்து கை காட்டுவார்கள். பின்னேரங்களில் டொக்டர் கொழும்பிலிருந்து தொலைபேசியில் வருவார்.

"மணம் தெரியுதோ?"

"பக்கத்து வாடியில கருவாடு காயுது டொக்டர். தெரியாமல் இருக்குமோ."

ஒருநாள் அழைப்பு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. நானே அவரை அழைத்தேன். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது.

"எனக்குத்தான் இப்ப ஒண்டும் மணக்கேல்லை. இது வாட்டில வந்தது, உங்களிட்ட இருந்து இல்லை. மனதைக் குழப்பாதேங்கோ."

அன்றிலிருந்து நான் கேட்பவளானேன். சில நாள் அவரால் பேச முடியவில்லை. ஒக்சிசன் பூட்டியிருக்கிறது என்று ஒரு தாதி சொன்னார். நான் மடுமாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். நானா ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் என் அறை வாசலுக்குத் தள்ளி நின்று, "டொக்டர் எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போவார். எனக்கு ஒன்றும் வராமலே இரண்டு கிழமை கழிந்தது. நான் வீட்டுக்குப் போன பிறகுதான் டொக்டருக்குக் காய்ச்சல் விட்டது.

அடுத்த வருடம் கடல் அடங்கியதும் அவர் வந்தார். நெஞ்சுப் படத்தைப் பார்த்தவர்கள் ஆழத்துக்கு இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கடலையே பார்த்தார். இடுப்பளவு தண்ணீரில் என்னோடு கொஞ்ச நேரம் மிதந்தார். மத்தியானம் நானாவின் மனைவி நண்டு சமைத்து அனுப்பினார். சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்ந்தவர் அப்படியே நித்திரையாகிவிட்டார். வெயில் அவர் காலுக்கு வந்தபோது நானும் நானாவும் சத்தமில்லாமல் ஒரு பாயை எடுத்து வந்து மறைப்புக் கட்டினோம்.